பேராசிரியர் இராவும் பிந்திய விண்ணப்பமும்

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டபோது, வழக்கம்போல இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்ள எண்ணியிருந்தோம். பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவருக்குப் பழகிய பாதை அதுவே. ஆயின் அண்மையில் எம் வீடு தேடி வந்த மாணவன் ஒருவன் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்து, நமது கல்லூரியிற் கற்று, பின்னர்ப் பல்கலைக்கழகம் புகுந்து, புள்ளிவிபரவியலிற் சிறப்புப் பட்டம் பெற்றவன் அவன். கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கப் போவதாகக் கூறி, அதற்கெனத் தான் ஆங்கிலத்தில் எழுதிய நோக்கக் கூற்றைத் தமிழிற் சொல்லிக் காட்டினான். தான் வறிய குடும்பத்திற் பிறந்தமை, தாய் கொழுந்து பறித்துத் தன்னைப் படிப்பித்தமை, தான் கடின உழைப்பாளி என்பது, ஒரு வாய்ப்புத் தந்தால் நன்றி மறவேன் என்பது ஆகிய யாவும் அதில் இருந்தன.

“தம்பி, இதில் உன் வறுமை இருக்கிறது, உன் உழைப்பும் இருக்கிறது, உன் கேள்வி எங்கே?” என்று கேட்டோம். அவன் விடை கூறவில்லை. சற்று நேரங்கழித்து, “எதைக் கேட்பது, ஐயா?” என்றான்.

அவன் கேட்டது நியாயமான வினா. தமிழாசிரியராகிய எமக்கு அதற்கு உடனே விடை கூற இயலவில்லை. ஆகவே, அவன் துறையிலே உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் ஒருவரின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்தவற்றுள் எமது மாணவர்க்குப் பயன்படுவனவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

பானையும் அகப்பையும்

புள்ளிவிபரவியல் என்பது யாது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். சிறு கூறொன்றைப் பார்த்து முழுமையைப்பற்றி முடிவு செய்வதே இக்கலையின் உயிர். ஆயினும் நம் வீட்டுத் தாய்மார் அறிந்த மற்றோர் உண்மையும் இதில் உண்டு. கிளறாத பானையில் மேற்சோறு வேகாதிருக்க அடிச்சோறு குழைந்திருத்தல் கூடும். அகப்பையாற் கிளறிய பின்னரே ஒரு சோற்றை நம்பலாம். அங்ஙனம் கிளறுதலையே புள்ளிவிபரவியலார் எழுமாற்றுத் தெரிவு என்கின்றனர். எடுப்பவருடைய விருப்பு வெறுப்புக்கு இடமின்றி, ஒவ்வொன்றும் தெரிவு செய்யப்படும் வாய்ப்பை அறிந்து எடுத்தல் என்பது அதன் பொருள்.

இக்கலையைப் பரிசோதனை நெறியாக வகுத்தோருள் தலையாயவர் இங்கிலாந்தின் ஆர். ஏ. பிஷர். 1919 முதல் 1933 வரை ரொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அவரைப்பற்றிய கதையொன்று தேயிலை நாட்டவராகிய எமக்கு இனியது. கோப்பையில் முதலிற் பாலை ஊற்றினார்களா, தேநீரை ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்று அங்கிருந்த முரியல் பிறிஸ்ரல் என்னும் பெண் விஞ்ஞானி கூறினாராம். பிஷர் அதனை நகைத்துத் தள்ளவில்லை. சோதிக்கும் வழியை ஆராய்ந்தார். 1935 இல் வெளிவந்த தமது நூலில் அத்தகைய சோதனையொன்றை விளக்குகின்றார். எட்டுக் கோப்பைகள், நான்கிற் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வைக்கும் ஒழுங்கு எழுமாறானது. பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிரித்துக் காட்ட வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தெரியும் வழிகள் மொத்தம் 70. ஆதலால் ஒன்றும் அறியாதவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70 இல் ஒன்றே. மூன்றைச் சரியாகவும் ஒன்றைப் பிழையாகவும் சொல்லும் வழிகளோ 16. எனவே நான்கும் சரியானால் அத்திறமையை நம்ப இடமுண்டு. மூன்று மட்டும் சரியானால் நம்புதற்குப் போதிய சான்று இல்லை.

இதிற் கணிதம் சிறிது, கேள்வி பெரிது. எதைக் கண்டால் நம்புவேன், எதைக் கண்டால் நம்பேன் என்பதைக் கோப்பையை எடுக்குமுன்னரே தீர்மானித்துக் கொள்வதே ஆராய்ச்சி மனப்பான்மையாகும்.

விளக்கேற்றிய தாய்

இனி, நாம் குறிப்பிட்ட பேராசிரியரின் வரலாற்றுக்கு வருவோம். சி. ஆர். இராவ் 1920 செப்டெம்பர் 10 இல் அக்காலச் சென்னை மாகாணத்தின் ஹடகளி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பொலிஸ் உத்தியோகத்தர். பத்துப் பிள்ளைகளுள் இவர் எட்டாமவர். எட்டாம் பிள்ளையாய்ப் பிறந்த கண்ணன் நினைவாகவே இராதாகிருஷ்ணன் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. நாள்தோறும் அதிகாலை நான்கு மணிக்குத் தம்மை எழுப்பி, எண்ணெய் விளக்கேற்றிப் படிக்க வைத்த தாயாரை நன்றியுடன் நினைந்து, தாம் எழுதிய நூலொன்றை இராவ் அவருக்கே காணிக்கையாக்கினார். விடியுமுன் எழுந்து, பிள்ளைக்குத் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகும் நமது தோட்டத்துத் தாய்மாரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆந்திராப் பல்கலைக்கழகத்திற் கணிதத்தில் முதல் வகுப்பில் முதலாமவராகத் தேறிய இராவ், அங்கேயே ஆராய்ச்சி செய்ய உதவிப்பணம் கோரி விண்ணப்பித்தார். அது மறுக்கப்பட்டது. அறிவிற் குறையென்று எவரும் கூறவில்லை. விண்ணப்பம் பிந்திச் சேர்ந்தது என்பதே காரணம். பின்னர், போர்க்காலத்தில் இராணுவ அளவைப் பகுதிக்குக் கணிதம் அறிந்தவர் தேவை என்னும் விளம்பரத்தைக் கண்டு கல்கத்தாவுக்குச் சென்றார். வயது போதாதென அங்கும் மறுத்தனர். இருபது வயது இளைஞனுக்கு இரண்டு கதவுகள் அடுத்தடுத்து அடைபட்டன.

கல்கத்தாவில் தங்கியிருந்த விடுதியிற் சந்தித்த ஒருவர், பி. சி. மகலனோபிஸ் 1931 இல் நிறுவிய இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்திற் பயிற்சி பெறுபவராயிருந்தார். அவர் வாயிலாக அந்நிறுவனத்தை அறிந்த இராவ் அங்கு விண்ணப்பித்து, 1941 ஜனவரி 1 இற் பயிற்சியிற் சேர்ந்தார். அவ்வாண்டிலே கல்கத்தாப் பல்கலைக்கழகம் தொடங்கிய புள்ளிவிபரவியல் முதுமாணி வகுப்பிற் கற்று, 1943 இல் முதல் வகுப்பிலே தேறினார்.

மாணவன் கேட்ட கேள்வி

அடுத்து நிகழ்ந்ததை மாணவரும் ஆசிரியரும் ஊன்றி நோக்க வேண்டும். 1944 இல் இராவ் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்துகையில், மதிப்பீடுகள் எவ்வளவு நுட்பமாக இருத்தல் கூடும் என்பதுபற்றிய பிஷரின் முடிபொன்றை விளக்கினார். அம்முடிபு மிகப் பெரிய மாதிரிகளுக்கே பொருந்துவது. வகுப்பிலிருந்த வி. எம். தண்டேகர் என்னும் மாணவர், சிறிய மாதிரிகளுக்கு இதனை நிறுவ முடியாதா என்று வினவினார். இராவ் அன்றிரவே அதனை ஆராய்ந்து, மறுநாள் விடையுடன் வகுப்புக்கு வந்தார். 1945 இல் கல்கத்தாக் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளியான அவரது கட்டுரையில் அவ்விடை இடம்பெற்றது. சுவீடன் நாட்டு அறிஞர் கிறமேரும் அதனைத் தனித்துக் கண்டமையால், இன்று உலகெங்கும் கிறமேர் – இராவ் எல்லை எனக் கற்பிக்கப்படுவது அதுவே.

அதன் கருத்தைத் தோட்டத்து உவமையாற் கூறலாம். ஒரு மலையின் முழுக் கொழுந்து நிறையையும் அறிய வேண்டும். ஆனாற் சில செடிகளை மட்டுமே பறித்து நிறுக்க முடியும். அச்சில செடிகளிலிருந்து முழு மலையையும் மதிப்பிடும் முறைகள் பலவாகலாம். ஒரு பக்கமாகச் சாயாத முறைகளையே எடுத்துக் கொள்வோம். அவற்றுள்ளும் சில மதிப்பீடுகள் உண்மை நிறையைச் சுற்றி நெருங்கி நிற்கும். சில தொலைவிற் சிதறும். எவ்வளவு கெட்டிக்காரர் முறை வகுத்தாலும், குறித்த நிபந்தனைகளின்கீழ், அச்சிதறல் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது என்பதையே இராவ் நிறுவினார். அவ்வெல்லையைத் தீர்மானிப்பது தரவுகளிற் பொதிந்துள்ள தகவலின் அளவாகும்; தகவல் மிகுந்தால் எல்லை தாழும். எல்லையைத் தொட்டுவிட்ட முறை கைவசமிருப்பின் அதனினும் சிறந்த ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அதே கட்டுரையில் மற்றொரு முடிபும் உண்டு. செப்பமில்லாத மதிப்பீடு ஒன்றை எடுத்து, பயனுள்ள தகவல் முழுவதையும் வைத்துக் கொண்டு, பயனற்ற ஏற்ற இறக்கங்களைச் சராசரியாற் களைந்தால், கிடைக்கும் மதிப்பீடு முந்தியதினும் தாழாது; பெரும்பாலும் உயரும். தேயிலைத் தொழிற்சாலைச் சல்லடை தூளையும் தும்பையும் பிரிப்பதுபோன்ற செயல் இது. 1947 இல் அமெரிக்க அறிஞர் பிளாக்வெலும் இதனைக் கண்டமையால் இருவர் பெயராலும் வழங்குகின்றது.

இதில் ஒன்றை மறவாதிருப்போம். இக்கட்டுரை வெளிவந்தபோது இராவிடம் கலாநிதிப் பட்டம் இருக்கவில்லை. பட்டத்திற்கு முன்னே கேள்வி வந்தது.

கேம்பிரிட்ஜ் சென்றமை

சூடான் நாட்டிலே அகழ்ந்தெடுத்த பண்டை மனிதரின் எலும்புகளை மகலனோபிஸ் வகுத்த முறையால் அளந்து ஆராயத்தக்கவர் வேண்டுமெனக் கேம்பிரிட்ஜ் நூதனசாலையினர் கேட்க, 1946 இல் இராவ் அங்கே சென்றார். நூதனசாலையில் வேலை பார்த்துக்கொண்டே கிங்ஸ் கல்லூரியிற் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்து, பிஷரைத் தமக்கு வழிகாட்டியாக வேண்டினார். பிஷர் அக்காலத்திற் சுண்டெலிகளை வளர்த்துப் பரம்பரையியலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த ஆய்வுகூடத்தில் நேரம் செலவிட வேண்டும், ஆய்வுப் பொருளை இராவ் தாமே தேடிக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனைகளுடன் அவர் இசைந்தார். ஓர் எலும்புத் தொகுதி எந்த இனக்குழுவைச் சார்ந்தது என்று பல அளவைகளை ஒருங்கே கொண்டு முடிவு செய்யும் முறைகளே இராவின் ஆய்வேட்டுக்குப் பொருளாயின. 1948 இற் பட்டம் பெற்று இந்தியா திரும்பினார். பின்னர் நெடுங்காலம் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தில் மாணவரை உருவாக்கி, அதன்பின் அமெரிக்கா சென்றார். 2023 இல் சர்வதேசப் புள்ளிவிபரவியற் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 22 இல், 102 ஆவது வயதிற் காலமானார்.

அவர் வழிகாட்டலிற் கலாநிதியானவருள் ஒருவர் சென்னையிற் பிறந்த தமிழரான எஸ். ஆர். எஸ். வரதன். ஆசிரியர் ஒருவரின் மகனான இவர், 1959 இற் கல்கத்தாவுக்குச் சென்றபோது தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுத் துறையிலே புகவே எண்ணியிருந்தார். அங்குச் சேர்ந்த நண்பர் குழாம் அவரை நிகழ்தகவுக் கணிதத்தின்பால் ஈர்த்தது. 1963 இற் பட்டம் பெற்றார். அவரது ஆய்வேட்டை மதிப்பிட்டோருள் உருசிய மேதை கொல்மகோரவும் ஒருவர். மிக அரிதாக நிகழ்வனவற்றின் வாய்ப்பைக் கணிக்கும் கோட்பாட்டை ஒருங்கிணைத்து வளர்த்தமைக்காக 2007 இல் ஏபெல் பரிசு அவரை அடைந்தது. புறப்படும்போது எண்ணிய ஊருக்கே போய்ச் சேர வேண்டுமென்னும் கட்டாயம் ஆராய்ச்சியில் இல்லை என்பதற்கு இவர் சான்று.

எமது மலைகளின் கேள்விகள்

இவை கல்கத்தாவுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் உரியன, பதுளைக்கு யாது தொடர்பு என்று எவரும் நினைத்தல் வேண்டா. பிஷருடன் இணைந்து 1927 இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிய ரி. ஈடன் என்பவர், பின்னர் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற் கடமையாற்றி, தேயிலை விளைச்சற் பரிசோதனைகளில் நேரும் பிழைகளைப்பற்றி 1931 இல் எழுதினார். 1925 இல் அமைந்த அந்நிலையம் தலவாக்கலையில் உள்ளது. பசறையிலும் அதன் கிளையுண்டு. உலகம் புதிதாய்க் கற்றுக்கொண்டிருந்த அறிவு அக்காலத்திலேயே எமது மலைகளை எட்டிவிட்டது.

மலைச்சரிவில் ஐந்து வகை உரங்களை ஒப்பிட வேண்டுமென வைத்துக்கொள்வோம். மேற்சரிவின் மண் கழுவுண்டு கீழே சேர்வதால் கீழ்ச்செடி செழிக்கும். ஒரு பக்கத்துச் செடிகளுக்கு நிழல் மிகும். ஒரே உரத்தைக் கீழ்ப்பகுதி முழுதும் இட்டால், விளைச்சல் உரத்தினாலா நிலத்தினாலா என்று அறிய முடியாது. ஆகவே நிலத்தை நிரைக்கு ஐந்தாக 25 துண்டுகளாக்கி, ஒவ்வோர் உரமும் ஒவ்வொரு நிரையிலும் ஒருமுறை, ஒவ்வொரு நிரலிலும் ஒருமுறை வருமாறு வைப்பர். இலத்தீன் சதுரம் எனப்படும் இவ்வமைப்பில், சரிவினால் வரும் வேற்றுமையையும் நிழலினால் வரும் வேற்றுமையையும் கணக்கிலே தனித்தனி பிரித்து விடலாம்.

நமது மாணவன் “எதைக் கேட்பது?” என்றான் அல்லவா? அவன் காலின்கீழ்க் கேள்விகள் கிடக்கின்றன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருகின்றதென்பர்; காற்று, ஈரம், வெயில் ஆகியவற்றுள் எது எவ்வளவு காரணம்? 2014 அக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களையும் அவற்றில் வாழ்ந்தோரையும் மூடியதை இம்மாவட்டத்தார் மறக்கவில்லை. எத்தனை நாள் மழை, எவ்வளவு மழை பெய்தால், எந்தச் சரிவை விட்டு மக்கள் வெளியேற வேண்டும்? அரிதாய் நிகழ்வனவற்றை ஆராயும் கணிதம் எமக்கு வெறும் ஏட்டுக் கணிதமன்று. தாயின் வறுமையை எழுதிய அம்மாணவன், அத்தாயின் கூடையையும் அவள் நிற்கும் சரிவையும்பற்றி ஒரு கேள்வி எழுதியிருப்பின், படிக்கும் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

விண்ணப்பிக்கும் முறை

கலாநிதி ஆய்வுக்கு விண்ணப்பிப்போர் அறிய வேண்டியவற்றைச் சுருக்கிக் கூறுவோம். முதலாவது, பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுமுன் கேள்வியைத் தேடுக. பின் அக்கேள்வியில் உழைக்கும் பேராசிரியரைத் தேடுக. அவர் அண்மையில் எழுதிய கட்டுரைகளில் இரண்டையாவது ஊன்றிப் படித்த பின்னரே அவருக்குக் கடிதம் எழுதல் வேண்டும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புதல் வீண். நீவிர் யார், அவரது எந்தக் கட்டுரை உமக்கு எக்கேள்வியை எழுப்பியது, இதுவரை நீவிர் செய்தது என்ன, எப்போது சேர விரும்புகின்றீர் என்பவற்றைச் சில பந்திகளில் அடக்குக.

இரண்டாவது, நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபடும். பிரித்தானியாவில் மேற்பார்வையாளரையும் ஆய்வுப் பொருளையும் முன்னரே குறித்துக்கொண்டு விண்ணப்பித்தல் பெருவழக்கு. அமெரிக்காவில் முதற் பட்டத்துடனேயே கலாநிதி வகுப்பிற் சேர்ந்து, தொடக்கத்திற் பாடங்களைக் கற்று, பின் வழிகாட்டியைத் தெரிந்துகொள்ளல் உண்டு; கற்பித்தலில் உதவி புரிந்து அதற்கு ஈடாகக் கட்டண விலக்கும் உதவிப்பணமும் பெறுவோர் பலர். எமது நாட்டிலேயே முதுதத்துவமாணியாகத் தொடங்கித் தொடர்தலும் நல்வழி. உதவிப்பணம் உண்டா என்று கேட்பதில் நாணம் வேண்டா. வீட்டில் மூத்த பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் எம்முடையவை. மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்குச் சீவனம் எங்ஙனம் என்பதைத் தாய் தந்தையருடன் முன்னரே பேசித் தெளிந்துகொள்ளல் கடன்.

மூன்றாவது, சான்றுரை வழங்கும் ஆசிரியரிடம் முடிவுத் திகதிக்கு இரண்டு மாதங்கள் முன்னரே செல்லுக. பெறுபேற்றுச் சான்றிதழ், மொழித் தேர்வு ஆகியவற்றுக்கும் காலம் வேண்டும். ஓராண்டுக்கு முன் தொடங்கியவருக்கு நிதானம் இருக்கும். ஒரு மாதத்துக்கு முன் தொடங்கியவருக்குப் பதற்றமே இருக்கும்.

ஒரு கடிதம்

காலத்தை இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் கற்ற மாணவனொருவன், கணிதத்திற் கூரியவன், உயர்படிப்புக்கு விண்ணப்பித்து நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டான். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இன்மையாற் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வருவது நெடுங்கால வழக்கம். அவனுக்குரிய கடிதமும் அங்ஙனமே வந்து, பல கைகள் மாறி, தேர்வு முடிந்து நான்காம் நாளில் அவனைச் சேர்ந்தது. அக்கடிதத்தை எம்மிடம் கொண்டுவந்து காட்டினான். நாமும் வருந்தினோம், ஆறுதல் கூறினோம், அவ்வளவுதான் செய்தோம். மறுபடி விண்ணப்பிக்குமாறு அவனைத் தூண்டவும் இல்லை. வேறு வழி உண்டா என்று எவரிடமும் விசாரிக்கவும் இல்லை. அவன் கொழும்புக்குச் சென்று கடையொன்றிற் கணக்கெழுதத் தொடங்கினான். இன்றும் நேர்மையாக உழைத்து வாழ்கின்றான், அதிற் குறையொன்றுமில்லை. ஆயினும், பிந்திய விண்ணப்பத்தோடு நின்றுவிடாமற் கல்கத்தாவுக்குப் போன இராவின் வரலாற்றைப் படித்தபோது அவன் முகமே எம் கண்முன் நின்றது. இராவுக்கு விடுதியில் ஒருவர் வழி சொன்னார். அவனுக்கு வழி சொல்ல வேண்டியிருந்தவர்கள் நாம்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாரிடம் இவ்விழாவையொட்டி ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். மண்டபமும் வளைவும் கட்டுவது நன்றே. அவற்றோடு, உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவர்க்குத் துணைபுரியச் சிறு குழுவொன்றையும் அமைத்திடுக. பல்கலைக்கழகங்களிலும் வெளிநாடுகளிலும் உள்ள பழைய மாணவர் இருவர் மூவர் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தட்டும். விண்ணப்பக் கட்டணத்துக்குச் சிறு நிதியொன்று இருக்கட்டும். தோட்டத்து மாணவர் தம் கடிதங்களுக்குக் கல்லூரியின் விலாசத்தைக் கொடுத்துக்கொள்ள அனுமதி கிடைக்கட்டும். வரும் கடிதத்தை அன்றே உரியவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை நாம் ஏற்கின்றோம். மின்னஞ்சல் வந்துவிட்ட காலத்திலும், மலைமேல் அலைவரிசை எட்டாத லயங்கள் உள்ளன. கல்லூரிக் கணினி அறை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்திருப்பின் அக்குறையும் நீங்கும்.

நமது பசறை மாணவன் சென்ற வாரம் மீண்டும் வந்தான். நோக்கக் கூற்றைப் புதிதாக எழுதியிருந்தான். முதற் பந்தியிலே தாயின் வறுமை இல்லை. அவர் கொழுந்து பறிக்கும் மலையின் முப்பதாண்டு மழைக் கணக்கும், அதனைக் கொண்டு எழுப்பிய ஒரு கேள்வியும் இருந்தன. அக்கேள்வி சரியானதா என்பதைத் தீர்க்க எமக்குக் கணிதம் போதாது. முடிவுத் திகதி எப்போது என்று மட்டும் கேட்டோம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்றான்.